கூலிமில் அறுபடும் சில்லும் கல்யாண வீடியோவும்

கெடா மாநிலத்துக் கூலிமில் இன்டெல் நிறுவனத்தின் ஆலை ஒன்று உண்டு. வெளிநாட்டில் உருவான சிலிக்கன் வட்டுகள் அங்கே வந்து இறங்குகின்றன. சின்னச் சின்னச் சில்லுகளாக அறுபடுகின்றன. ஒவ்வொன்றையும் சோதித்துத் தேறியது, தேறாதது என்று பிரிக்கிறார்கள். தேறியவை பினாங்கின் பாயான் லெப்பாசுக்குப் போய், அடித்தட்டில் பொருத்தப்பட்டு, மறுபடியும் சோதனைக்கு ஆளாகி, உலகெங்கும் கணினி செய்பவர்களின் கைக்குப் போகின்றன. 2023 ஆகஸ்டில் இன்டெல் வெளிநாட்டுச் செய்தியாளர்களைக் கூலிமுக்கும் பினாங்குக்கும் அழைத்துவந்து இந்த வேலையைக் காட்டியது. அவர்கள் பார்த்த சில்லு அதே ஆண்டு டிசம்பரில் ‘கோர் அல்ட்ரா’ என்ற பெயரில் மடிக்கணினிகளில் ஏறிக் கடைக்கு வந்தது.

இந்தத் தொழிலோடு வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு அரை நூற்றாண்டு உறவு. அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் தன் முதல் ஆலையைத் தொடங்கிய இடம் பினாங்கு, ஆண்டு 1972. கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. தோட்டங்கள் துண்டுபட்டு, பால்மரம் போய்ச் செம்பனை வந்து, வேலை சுருங்கிய காலத்தில் பாடாங் செராய், லூனாஸ், பீடோங் பக்கத்துப் பெண்கள் விடியுமுன் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நின்றார்கள். அம்மா பால் வெட்டினார். மகள் நுண்ணோக்கியில் கண் பதித்துச் சில்லுக்குத் தங்கக் கம்பி இணைத்தார். பேரனும் பேத்தியும் இன்று சுங்கைப்பட்டாணியில் கல்யாண வீடியோ எடுக்கிறார்கள், கோயில் திருவிழாவுக்குப் பேனர் வடிவமைக்கிறார்கள், கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறார்கள். எந்த மடிக்கணினி வாங்குவது என்று கேட்பவர்கள் இவர்கள்தாம். இந்த உரை அவர்களுக்கும், பணம் கட்டப் போகிற அவர்களுடைய பெற்றோருக்கும் உரியது.

முதலில் பணத்தைப் பேசிவிடலாம். 2025 பிப்ரவரி முதல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வீடியோ எடிட்டிங்கைத் தாங்கக்கூடிய புதிய மடிக்கணினி ஏறத்தாழ 4,000 ரிங்கிட்டில் தொடங்கி 7,000ஐத் தாண்டிப் போகிறது. குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் வீட்டுக்கு இது இரண்டரை மாதத்திலிருந்து நான்கு மாத உழைப்பு. தவணையில் எடுத்தால் வட்டி தனி. இவ்வளவு பெரிய செலவு பெரும்பாலும் இரண்டு ஸ்டிக்கர்களைப் பார்த்து முடிவாகிறது. ஒன்று ஐ7, ஐ9 என்று ஒளிரும் எண். இன்னொன்று வரைகலைச் சில்லின் எண். விளையாட்டுக்கு நல்ல கருவி எடிட்டிங்குக்கும் நல்லது என்று கடையில் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் ஆறு மாதம் கழித்து எடிட்டரை வாட்டுகிறது.

சரியான வழி கேமராவிலிருந்து தொடங்குவது. வேலைக்கு வரும் காட்சி எந்த வடிவத்தில் பதிவாகி வருகிறது என்று தெரிந்தால், கணினி என்ன செய்ய வேண்டும் என்பதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

ஒரு கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளலாம். காலையில் கோயிலில் தாலிகட்டு, மாலையில் மண்டபத்தில் விருந்து. இரண்டு கேமராக்கள், ஒவ்வொன்றிலும் ஆறு மணி நேரப் பதிவு. 4கே காட்சி வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் மணிக்கு 45 ஜிபி ஆகும். 140 மெகாபிட் என்றால் 63 ஜிபி. அந்த ஒரு நாள் கல்யாணம் 540இலிருந்து 756 ஜிபி வரை இடத்தை விழுங்கும். கடையில் வாங்கிய 512 ஜிபி மடிக்கணினியில் ஒரே ஒரு கல்யாணம்கூட அடங்காது. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் வரைகலைச் சில்லுக்கு ஆயிரம் ரிங்கிட் கூட்டிக் கொடுத்தவர்கள் ஏராளம்.

அளவை விடப் பெரிய சிக்கல் அந்தக் காட்சி எப்படிச் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதில் இருக்கிறது. கல்யாண வேலைக்காரர்கள் விரும்பும் சோனி ஏ7 மார்க் 4 போன்ற கேமராக்கள் 10 பிட், 4:2:2 என்ற முறையில் பதிவு செய்யும். 8 பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள். 10 பிட்டில் 1,024. கைப்பேசிகளில் வழக்கமாகப் பதிவாகும் 4:2:0 முறையைவிட 4:2:2இல் நிறத் தகவல் இரு மடங்கு. பட்டுப்புடவையின் அரக்குச் சிவப்பையும் மணமேடை விளக்கின் மஞ்சளையும் பின்னால் திருத்தும்போது இந்தக் கூடுதல் தகவல் உயிர். ஆனால் அதை விரித்துப் படிப்பதற்குச் சில்லுக்குள்ளேயே தனிப் பகுதி வேண்டும். அது இல்லாவிட்டால் முழுச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழும். டைம்லைனில் காட்சி விக்கி விக்கி ஓடும். விசிறி கத்தும்.

எந்தச் சில்லில் இது இருக்கிறது? எச்.265 வடிவத்தில் வரும் 10 பிட் 4:2:2 காட்சியை இன்டெல் பதினோராம் தலைமுறை முதல் அதன் உள்ளக வரைகலைப் பகுதியே படித்துவிடும். ஆப்பிளின் எம் வரிசைச் சில்லுகள் படிக்கும். என்விடியாவில் 2025இல் மடிக்கணினிக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான் முதன்முதலாகப் படிக்கிறது. அதற்கு முந்தைய 40 வரிசையும் 30 வரிசையும் படிக்காது. ஆகவே ஏஎம்டி செயலியும் ஆர்டிஎக்ஸ் 4070ம் சேர்ந்த விலையுயர்ந்த விளையாட்டுக் கணினி இந்தக் காட்சியைக் கண்டு திணறலாம். அதைவிட ஆயிரத்துச் சொச்சம் ரிங்கிட் குறைந்த ஒரு இன்டெல் கணினி அதே கோப்பைச் சிரமமின்றி ஓட்டலாம். விளையாட்டில் நிலைமை தலைகீழ். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மனத்தில் இருந்தது வேறு வேலை.

கைப்பேசியிலும் சிறிய டிரோனிலும் எடுப்பவருக்கு இந்தக் கவலை பெரிதாக இல்லை. அந்தக் காட்சிகள் பெரும்பாலும் 4:2:0. சில ஆண்டுகளுக்குள் வந்த எந்தச் சில்லும் அதைப் படிக்கும். வாரம் இரண்டு நிமிட டிக்டாக் விளம்பரம் செய்து கொடுப்பவர் 7,000 ரிங்கிட் கணினி வாங்கத் தேவையே இல்லை. அவருடைய பணம் நல்ல மைக்கிலும் ஒரு விளக்கிலும் போனால் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியும்.

எந்தக் கணினியும் திணறும் நேரத்துக்கு எடிட்டர்களிடம் ஒரு பழைய வழி உண்டு. அதற்குப் ப்ராக்ஸி என்று பெயர். பெரிய கோப்புகளுக்குச் சிறிய பிரதிகள் செய்து, அவற்றை வைத்து வெட்டி ஒட்டி, கடைசியில் எக்ஸ்போர்ட் செய்யும்போது மூலக் கோப்பை இழுத்துக்கொள்ளும் முறை அது. இரவு படுக்கப் போகுமுன் ப்ராக்ஸி செய்யவிட்டால் காலையில் நான்கு வருடப் பழைய கணினியிலும் டைம்லைன் வழுக்கிக்கொண்டு ஓடும். புதுக் கணினி வாங்க நினைக்கும் ஒருவர் ஒரு மாதம் இப்படி வேலை செய்து பார்ப்பது நல்லது. உண்மையில் எது குறைகிறது என்று அப்போது அவருக்கே தெரிந்துவிடும்.

செயலியின் பெயரில் எண்ணைவிட இறுதி எழுத்து முக்கியம். இன்டெல்லில் எச், எச்எக்ஸ் என்று முடிபவை அதிக மின்சாரம் எடுத்து நீண்ட நேரம் உழைக்கக்கூடியவை. யூ என்று முடிபவை மெல்லிய அலுவலகக் கணினிக்கானவை. ஐ7 என்ற ஸ்டிக்கர் இரண்டிலும் ஒட்டியிருக்கும். ஏஎம்டியிலும் எச்எஸ், எச்எக்ஸ், யூ என்று இதே மாதிரி பிரிவு உண்டு. யூ வகை ஐ7 வாங்குவதைவிட எச் வகை ஐ5 பல நேரம் மேல்.

நினைவகம் பற்றி அடோபி நிறுவனமே தெளிவாகச் சொல்கிறது: அதன் எடிட்டிங் மென்பொருளான பிரீமியருக்கு, எச்டி காட்சி என்றால் 16 ஜிபி, 4கே என்றால் 32 ஜிபி. டாவின்சி ரிசால்வ் என்ற இன்னொரு எடிட்டிங் மென்பொருளைச் செய்பவர்களும் 16 ஜிபி கேட்கிறார்கள். அதிலுள்ள பியூஷன் பகுதியைப் பயன்படுத்தினால் 32. இதில் பேரம் கிடையாது. 8 ஜிபி வைத்த கணினியைக் காட்டி ‘இதுவே போதும்’ என்று எவர் சொன்னாலும் அந்த இடத்தைவிட்டு நகர்ந்துவிடலாம். முன்பெல்லாம் 16 வாங்கிக்கொண்டு பிறகு கூட்டிக்கொள்ளச் சொல்வது நல்ல ஆலோசனையாக இருந்தது. 2025இன் கடைசி மாதங்களிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொள்வதால் அவற்றின் விலை கடுமையாக ஏறிவிட்டது. பல மெல்லிய கணினிகளில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் கூட்டவும் முடியாது. வாங்கும் நாளிலேயே கூடுதல் நினைவகத்துக்கான இடம் காலியாக இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது திரை. இந்த உரையில் அழுத்தம் திருத்தமாகச் சொல்ல வேண்டியது இதைத்தான்; ஏனென்றால் கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

மடிக்கணினித் திரைகளில் ஒரு மலிவான வகை இருக்கிறது. அதன் விவரத்தாளில் ‘45 விழுக்காடு என்டிஎஸ்சி’ என்று போட்டிருப்பார்கள். இணையத்துக்கும் தொலைக்காட்சிக்கும் பொதுவான எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அது காட்டும். எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டும் திரையில் 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி என்றோ 72 விழுக்காடு என்டிஎஸ்சி என்றோ இருக்கும். வேகமான செயலியும் விலையுயர்ந்த வரைகலைச் சில்லும் வைத்துவிட்டு, திரையில் காசை மிச்சம் பிடித்த கணினிகள் கடைகளில் நிறைய உண்டு.

விளைவு என்ன? அந்தத் திரையில் குங்குமம் செங்கல் நிறமாகத் தெரியும். மஞ்சள் பூசிய கயிறு வெளிறித் தெரியும். எடிட்டர் நிறத்தைக் கூட்டுவார். தன் திரையில் எல்லாம் அழகாக வரும்வரை கூட்டுவார். அந்த வீடியோவை மணமக்கள் வீட்டுப் புதுத் தொலைக்காட்சியில் போட்டால் மணப்பெண்ணின் முகம் காய்ச்சல் கண்டது போல் சிவந்திருக்கும், சாமந்தி மாலை கண்ணைக் குத்தும். கரிய, மாநிற முகங்களில் இந்தக் கேடு இன்னும் கூர்மையாக வெளிப்படும். நிழலில் இருக்கும் தோலின் நுண்ணிய வேறுபாடுகளை அந்தத் திரை காட்டாததால், எடிட்டர் முகத்தை வெளுக்க வைத்துச் சரிசெய்யப் பார்ப்பார். தாத்தாவின் முகம் சாம்பல் பூத்துப்போகும். தமிழர் முகங்களை அவற்றின் சொந்த நிறத்தில், சொந்த அழகில் காட்டுவது இந்தத் தொழிலின் கடமை. அந்தக் கடமையை நிறைவேற்றுவது செயலியின் வேகம் அல்ல, திரை.

ஆகவே 100 விழுக்காடு எஸ்ஆர்ஜிபி கீழெல்லை. டிசிஐ-பி3 என்ற அகன்ற நிறவெளியைக் காட்டும் திரை கிடைத்தால் இன்னும் நல்லது. ஓலெட் திரைகள் நிறத்தில் சிறந்தவை. ஒரே டைம்லைன் நாள் முழுதும் அசையாமல் நிற்கும்போது நாளடைவில் தடம் பதியும் வாய்ப்பு அவற்றுக்கு உண்டு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மடிக்கணினியின் திரை சுமாராகத்தான் இருக்கிறது, மாற்றப் பணம் இல்லை என்றால், வீட்டு மேசையில் முழு எஸ்ஆர்ஜிபி காட்டும் தனித்திரை ஒன்றை இணைத்துக்கொள்ளலாம். சில நூறு ரிங்கிட்டில் முடியும் வேலை அது. பேனரும் கல்யாணப் பத்திரிகையும் அச்சுக்கு அனுப்பும் வடிவமைப்பாளருக்கும் இதே அறிவுரைதான்.

இனி வரைகலைச் சில்லு. வெறும் வெட்டி ஒட்டும் வேலைக்கு அது பெரிதாக உழைப்பதில்லை. கோயில் கருவறை வெளிச்சத்தில், ஓமப் புகையில் எடுத்த காட்சியின் புள்ளித் தூசியை நீக்கும்போது உழைக்கிறது. நிறம் திருத்தும்போது, முப்பரிமாண எழுத்து செய்யும்போது, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ரெண்டர் போடும்போது உழைக்கிறது. இங்கே இரண்டு எண்களைக் கேட்க வேண்டும். முதலாவது, அதன் சொந்த நினைவகம். ஆர்டிஎக்ஸ் 4050க்கு 6 ஜிபி, 4060க்கு 8 ஜிபி. மடிக்கணினி 4070க்கும் அதே 8 ஜிபிதான். 4கே வேலைக்கு 8 இருப்பது நிம்மதி. இரண்டாவது எண்ணை விளம்பரத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும்: எத்தனை வாட். மடிக்கணினி ஆர்டிஎக்ஸ் 4060ஐ 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எங்கே வேண்டுமானாலும் ஓட்டச் செய்பவருக்கு என்விடியா இடம் கொடுக்கிறது. ஒரே பெயர், ஒரே ஸ்டிக்கர். ஆனால் மெல்லிய உடலுக்குள் அடைத்த 4060, தடித்த உடலில் உள்ள 4060ஐவிடப் பின்தங்கும். சில நேரம் தடித்த உடலிலுள்ள 4050யிடமே தோற்கும்.

வரைகலைச் சில்லுக்கு உண்மையாகவே வேலை கொடுக்கும் ஒரு பணி கெடாவிலேயே காத்திருக்கிறது. மெர்போக் அருகே பூஜாங் பள்ளத்தாக்கு, சோழர் கல்வெட்டு பேசும் கடாரத்தோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கும் நிலம். அங்குள்ள புக்கிட் பத்து பகாட் கோயில் 1960இல் மீட்டுக் கட்டப்பட்டது. அதற்கு நேர்மாறாக, சுங்கை பத்து தோட்டப் பகுதியில் பதினோராம் எண் இட்டிருந்த கோயில் எச்சம், 2013இல் நில மேம்பாட்டுப் பணியில் இடித்துத் தள்ளப்பட்டது தெரியவந்தது. ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டதாகக் கருதப்பட்ட கட்டுமானம் அது. ஒரு கட்டடத்தைச் சுற்றிவந்து இருநூறு முந்நூறு படங்கள் எடுத்தால், அவற்றிலிருந்து முப்பரிமாண உருவத்தைக் கட்டியெழுப்பும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. அவற்றில் மெஷ்ரூம் என்பது இலவசம். அது முழுமையாக வேலை செய்ய என்விடியா சில்லு வேண்டும். பூஜாங்கின் எஞ்சிய கோயில்களையும், தோட்டம் விற்கப்படும்போது இடம்பெயரப் போகிற மாரியம்மன் கோயில்களையும் இப்படிப் பதிவு செய்ய ஒரு கல்லூரி மாணவர் குழு போதும். செமிலிங்கில் இருக்கும் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலிருந்து மெர்போக் அருங்காட்சியகம் எட்டும் தூரம்தான். இத்தகைய வேலையை மனத்தில் வைத்திருப்பவர் ஆர்டிஎக்ஸ் சில்லுக்குத் தாராளமாகச் செலவிடலாம். அது வீண் போகாது.

வெப்பத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். குளிரூட்டிய கடையில் கணினி நன்றாகவே ஓடும். அதே கணினி தோட்டத்துத் தகரக் கூரைக்குக் கீழே, தாமான் வீட்டின் மாடி அறையில், பிற்பகல் மூன்று மணிக்கு எப்படி ஓடும் என்பதே கேள்வி. 2024 மார்ச்சில் கெடாவின் சில பகுதிகளுக்கு வெப்ப அலை எச்சரிக்கை விடப்பட்டது. மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரி செல்சியஸ் தொட்டாலே முதல் நிலை எச்சரிக்கை. செயலிகள் 100 டிகிரியை நெருங்கும்போது தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். வெளியிலிருந்து உறிஞ்சும் காற்றே சூடாக இருந்தால் அந்த எல்லை சீக்கிரம் வந்துவிடும். தாள் போல் மெலிந்த கணினி அழகு. கெடாவில் எடிட்டிங்குக்கு அது சரிப்படாது. கொஞ்சம் கனமான, பின்புறம் அகன்ற காற்றுவழி உள்ள உடல்தான் தாங்கும். மெத்தையில் வைத்து ரெண்டர் போடக் கூடாது. காற்று கீழிருந்துதான் உள்ளே போகிறது. ஏப்ரல், மே, அக்டோபர் மாத மாலை இடிகளுக்குப் பிளக்கைக் கழற்றிவிடும் பழக்கம் நல்லது.

சேமிப்புக்கு வருவோம். உள்ளே குறைந்தது 1 டெராபைட் எஸ்எஸ்டி, இன்னொன்று பொருத்த இடம். வெளியே வேலைக்கு ஒரு எஸ்எஸ்டி, முடிந்த கல்யாணங்களை வைக்க மலிவான பெரிய வட்டு. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு பிரதிகள், இரண்டு வெவ்வேறு வீடுகளில். ஏன் வேறு வீடு? 2022 ஜூலை 4 அன்று பாலிங் மாவட்டத்துக் கூப்பாங்கில் மலையிலிருந்து வந்த வெள்ளம் மரங்களையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வீடுகளுக்குள் புகுந்தது; உயிர்களும் போயின. அத்தகைய நாளில் மேசைமேல் அருகருகே இருக்கும் இரண்டு வட்டுகளும் ஒன்றாகவே போகும். ஒருவர் வாழ்வில் ஒருமுறை நடந்த கல்யாணத்தின் ஒரே பதிவு அது. வரைகலைச் சில்லில் ஒரு படி இறங்கி, மிஞ்சும் பணத்தை வட்டில் போடுவது கல்யாண எடிட்டருக்கு எப்போதும் சரியான முடிவு.

ஆப்பிளா, விண்டோசா என்ற வாதம் தேநீர்க் கடையில் நன்றாக ஓடும். 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து ஆப்பிள் கணினிகள் காட்சியைப் படிப்பதிலும் மின்கலத்தில் அதே வேகத்தோடு உழைப்பதிலும் முன்னணியில் இருக்கின்றன. திரையும் நல்லது. கல்யாண மண்டபத்திலேயே உட்கார்ந்து அன்று மாலை விருந்துக்குள் காலை நிகழ்ச்சியின் தொகுப்பை முடித்துத் தருபவருக்கு அது சரியான கருவி. ஆனால் வாங்கிய நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது, உள் சேமிப்புக்குக் கூடுதல் விலை அதிகம், என்விடியாவை நம்பியிருக்கும் மென்பொருள்கள் ஓடாது. முப்பரிமாண வேலை செய்பவர் விண்டோஸ் பக்கம் இருப்பதே நல்லது.

பணம் போதாதவர்களுக்குப் பழைய கணினிச் சந்தை இருக்கிறது. நிறுவனங்கள் குத்தகை முடிந்து விடுவிக்கும் டெல் பிரிசிஷன், எச்பி இசட்புக், லெனோவோ திங்க்பேட் பி வரிசைகள் கனத்த உழைப்புக்காகவே செய்யப்பட்டவை. நல்ல திரை, திறந்து மாற்றக்கூடிய நினைவகம், உறுதியான உடல். இன்டெல் பதினோராம் தலைமுறைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொண்டால் மேலே சொன்ன 4:2:2 சிக்கலும் தீரும். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக எட்டாம் தலைமுறைக்குக் கீழ்ப்பட்ட இன்டெல் செயலிகளை ஏற்பதில்லை. ஆகவே ‘ஐ7, வெறும் 800 வெள்ளி’ என்ற விளம்பரத்தில் எந்தத் தலைமுறை ஐ7 என்று கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

மென்பொருளிலும் குடும்பப் பணத்தைக் காப்பாற்றலாம். டாவின்சி ரிசால்வ்வின் இலவசப் பதிப்பு 4கே வரை எடிட் செய்து தரும். ஸ்டூடியோ பதிப்பு 295 அமெரிக்க டாலர். ஒரே முறை கட்டினால் போதும், மாதச் சந்தா கிடையாது. திருட்டு மென்பொருள் இறக்கி, அதனோடு வந்த நச்சு நிரலால் வாடிக்கையாளர் கோப்புகளை இழப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தமிழ் எழுத்து உடைந்து வருவதைக் கணினியின் பலவீனம் என்று சிலர் நினைக்கிறார்கள். கொம்பு தனியாகவும் எழுத்து தனியாகவும் நிற்கும் பேனர்களைச் சாலையோரம் பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பிலும் பிரீமியரிலும் எழுத்து அமைப்பைத் தெற்காசிய மொழிகளுக்கு ஏற்ப மாற்றிவைத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு ஒரு ரிங்கிட்கூடச் செலவில்லை. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் இந்த நாட்டுக்காரர். ஆப்பிள் கணினிகளில் ஆண்டுக்கணக்காக இருந்துவரும் தமிழ் எழுத்துருக்களும் அவர் வடித்தவை. அப்படிப்பட்ட நாட்டில் அம்மன் பெயர் உடைந்து அச்சாவதை யாரும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

கடைக்குப் போகும்போது கையில் இரண்டு கொண்டு போக வேண்டும். ஒன்று, தன் கேமராவில் எடுத்த பத்து நிமிடக் காட்சி அடங்கிய எஸ்எஸ்டி. காட்சிக்கு வைத்த கணினியில் அதை ஓடவிட்டுப் பார்க்க அனுமதி கேட்கலாம். பல கடைகள் மறுக்காது. மற்றது, வீட்டில் நன்றாக நிறம் தெரியும் கைப்பேசியில் ஒரு குங்குமப் படம். அதே படத்தைக் கணினித் திரையில் திறந்து பக்கத்தில் வைத்தால் 45 விழுக்காட்டுத் திரை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ரசீதில் முழு மாதிரி எண், நினைவகம், திரை வகை எல்லாம் எழுதி வாங்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்காகச் சொந்தப் பயனுக்கு வாங்கும் கணினிக்கு, வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 ரிங்கிட் வரை கோர இடமிருக்கிறது. அதற்கும் அந்த ரசீது தேவை.

சொன்னது ஒன்று, தந்தது வேறு என்றானால் பயனீட்டாளர் உரிமைக் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது. 50,000 ரிங்கிட் வரையான வழக்கை அது கேட்கும், மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாதவர்களுக்கு 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தமிழில் பேசலாம்.

கடைசியாக ஒரு பணி. இதற்குப் பலமான கணினி எதுவுமே தேவையில்லை, ஆனால் அவசரம் இதற்குத்தான் அதிகம். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தோட்டங்களில் நடந்த கல்யாணங்கள், தீமிதிகள், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிகள் எல்லாம் வீடியோ டேப்பில் பதிவாகியிருக்கின்றன. அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். லயத்து வீட்டு வாசலும், இடிக்கப்பட்ட கோயிலும், இறந்துபோன பாட்டியின் குரலும் அலமாரியில் ஈரம் ஏறிக்கொண்டிருக்கும் அந்த நாடாக்களில் மட்டுமே மிச்சம். அவற்றைக் கணினிக்கு மாற்றினால் டிவி (DV) என்ற கோப்பு வடிவத்தில் மணிக்கு 13 ஜிபிதான். பத்தாண்டுப் பழைய ஐ5 கணினியும், சில பத்து ரிங்கிட் விலையுள்ள யூஎஸ்பி பதிவுக் கருவியும் தாராளமாகப் போதும். கிடைக்காதது அந்த நாடாக்களை ஓட்டும் டெக்தான். உலகில் விஎச்எஸ் டெக்கைச் செய்துகொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. புது மடிக்கணினி தேடிச் சுங்கைப்பட்டாணிக்கோ பினாங்குக்கோ போகிற இளைஞர்கள், அதே பயணத்தில் பழைய மின்சாதனம் பழுதுபார்க்கும் கடைகளிலும் ஏறி, ஓடுகிற டெக் ஒன்று இருக்கிறதா என்று கேட்டு வாங்கிவர வேண்டும்.